ஊரோடு ஒத்துப்போவதா, எங்கள் பாட்டில் நிற்பதா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கொக்குவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். மண்டபம் பிடித்து, பல்லக்கில் ஏற்றி, ஊரைக் கூட்டிச் சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு விழா) செய்ய அவருக்கும் கணவருக்கும் விருப்பமில்லை. மாமியாரோ, "ஊரோட ஒத்துப்போ பிள்ளை, நாளைக்கு உன்ரை வீட்டு நல்லது கெட்டதுக்கு ஆர் வருவினம்?" என்கிறார். கனடாவில் இருக்கும் மைத்துனர், தனித்துவம் கினித்துவம் எல்லாம் வெள்ளைக்காரச் சரக்கு, எங்கள் பண்பாட்டுக்குச் சரிவராது என்று போனில் வகுப்பெடுத்திருக்கிறார். தனித்து நிற்பது சரியா, இல்லை சுயநலமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, நேரே சொல்கிறேன். விருப்பமில்லாவிட்டால் செய்யாமல் விடுங்கள். அதில் சுயநலம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால், ஊருக்கே அது ஒரு உதவியாக முடியலாம். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மைத்துனரின் கதை. கனடாவில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் இருக்கிற பகிடியை விடுவோம். எங்கள் பண்பாடு என்று இன்று கைகாட்டுகிற பலதும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் புதிதாகத் தொடங்கியதுதான். ஆறுமுக நாவலரை எடுங்கள். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர். 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். மேடையில் நின்று சனத்துக்கு மதம் பேசுகிற அந்த முறையே பாதிரிமாரிடம் பார்த்துப் பழகியது. அடுத்த வருடம் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பிறகு அச்சுக்கூடம், பாடப்புத்தகம், எல்லோருக்கும் விளங்குகிற வசனநடை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டிய மனிதன் ஏன் இப்படி அலைகிறான் என்று அன்றைக்கும் நாலு பேர் கேட்காமலா இருந்திருப்பார்கள்? இன்று அவர் தொடங்கியதை வெள்ளைக்காரச் சரக்கு என்று யாரும் சொல்வதில்லை.

அதே நாவலர் சாதி விடயத்தில் பழைய ஒழுங்கை விட்டு ஓரடி நகரவில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை. ஒரு பக்கம் ஊரை மீறியவர் மறுபக்கம் ஊருக்குக் காவல் நிற்பது ஒன்றும் அதிசயமில்லை. எல்லா விடயத்திலும் தனித்து நிற்கிற மனிதர் எவரையும் நான் கண்டதில்லை. எதில் ஒத்துப்போவது, எதில் மறுப்பது என்று பார்த்துத் தெரிவதுதான் இதில் இருக்கிற வேலை.

வழக்கம் என்பதன் மறுபக்கத்துக்கு இன்னொரு சாட்சி தேசவழமை. உங்கள் வீட்டுக் காணி உறுதியில் சீதனம், முதுசம் என்று வருகிற சொற்களுக்குப் பின்னால் நிற்கிற சட்டம். ஒல்லாந்தர் காலத்தில், 1706இல், இங்கே நெடுங்காலம் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்கிற ஒல்லாந்து அதிகாரி (திசாவை) ஊர் வழக்கங்களைக் கேட்டெழுதினார். ஊர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி சொன்னார்கள். 1707இல் அது சட்டமாயிற்று. கவனிக்க வேண்டிய இடம் எதுவென்றால், அரசுகள் மாறியதால், குறிப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், பழைய வழக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டன என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது. அதாவது எழுதிய நாளிலேயே அது மாறிக்கொண்டிருந்த ஒன்று. எழுதி முத்திரை குத்தியதால் பல இடங்களில் நின்றுபோனது. கலியாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கப் புருசனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிற விதி இன்றும் இருக்கிறது. ஆதிகாலத்திலிருந்து வருவது என்று எவரும் ஒன்றைச் சொன்னால், எந்த ஆதி என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். பல்லக்கும் ட்ரோன் கமராவும் எந்த ஆதியில் இருந்து வந்தன என்று உங்கள் மைத்துனரிடமும் கேட்கலாம்.

சரி, இனி மாமியாரின் கதை. அவருடையது கனமான வாதம். லேசில் தள்ள முடியாது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. நாங்கள் குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைத்தண்ணீர். அதனால்தான் காணி உறுதிகளில் கிணற்றில் இத்தனை பங்கு, வாய்க்கால் உரிமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைக்கிறபோது, 'நான் தனித்துவமானவன், நினைத்த நேரம் இறைப்பேன்' என்று ஒருவர் நின்றால் பக்கத்துத் தோட்டத்து வெங்காயம் வாடும். அளவுமீறி இறைத்தால் கிணறு உவர்க்கும், அது எல்லோருக்கும் உவர்க்கும். இங்கே ஒத்துப்போகாதவரைத் துணிச்சல்காரர் என்று யாரும் மெச்சப்போவதில்லை. செத்தவீடும் அப்படித்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பு எரியாது. அயலட்டையில் இருந்து சாப்பாடும் தேத்தண்ணியும் வரும். பந்தலுக்குக் கதிரை அடுக்குவது, தூரத்து உறவுக்குத் தகவல் சொல்வது, பிரேதப்பெட்டிக்கு ஓடித் திரிவது எல்லாம் ஒழுங்கைப் பெடியள்தான். போர்க்காலத்தில், இடம்பெயர்ந்து கிடந்த நாட்களில், ஒருவருக்கொருவர் இப்படி நின்றிருக்காவிட்டால் பல குடும்பங்கள் தப்பியிருக்காது. உங்கள் மாமியார் அந்த நினைவிலிருந்துதான் பேசுகிறார். ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும் என்பதை அவர் வாழ்ந்து பார்த்திருப்பார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிணற்று முறையைக் குழப்பினால் இன்னொருவரின் பயிர் வாடுகிறது. செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் ஒரு குடும்பம் தனித்துப் போகிறது. நீங்கள் மண்டபம் பிடிக்காவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? பந்தல்காரருக்கும் வீடியோக்காரருக்கும் ஒரு நாள் வேலை போகும். மற்றபடி சனம் கதைக்கும், அவ்வளவுதான். கூடி வாழ்வதற்கு வேண்டிய ஒத்துழைப்பையும், எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிற கட்டாயத்தையும் ஒரே முடிச்சில் கட்டி வைத்திருக்கிறோம். ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் போய்விடும் என்று பயம். கிணறே இதற்கு மறுசாட்சியும் சொல்லும். பக்கத்துத் தோட்டக்காரர் போடுகிறார் என்று எல்லோரும் அளவுக்கு மிஞ்சி உரம் போட்டதில், குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடக்கிறது. ஊரே சேர்ந்து செய்த பிழை அது. வேண்டாம் என்று சொல்ல ஒருவர் அன்றைக்குத் தேவைப்பட்டார்.

இனி இந்தச் சனம் யார் என்று பார்ப்போம். எனக்கு இதுதான் விடயத்தின் நடு.

எங்கள் ஒழுங்கையில் சில வருடங்களுக்கு முன் ஒரு சாமத்தியவீடு நடந்தது. தகப்பனுக்குச் சின்னக் கடை. தாய் கூட்டுறவுச் சங்கத்திலும் நகையை வைத்தும் கடன் எடுத்திருந்தார். வெளியிடப் படப்பிடிப்பு என்று ஒரு நாள் முழுக்கக் கசூரினா கடற்கரையில், கொதிக்கிற வெயிலில், அந்தப் பிள்ளை பாரமான சேலையோடும் ஒட்டுமுடியோடும் நின்றிருக்கிறாள். பிறகு ஒரு நாள் சும்மா கதைத்துக்கொண்டிருந்தபோது தாய் சொன்னார், "எனக்கு உது துண்டா விருப்பமில்லை அண்ணை. இவற்றை சகோதரங்கள் குறை நினைப்பினம் எண்டுதான்." தகப்பனின் மூத்த அக்காவையும் எனக்குத் தெரியும். அவர் சொன்னது: "தம்பிக்கு ஏன் இந்த வீண் கடன்? ஆனா அவள் பெண்சாதியின்ரை பக்கத்து ஆக்கள் பெரிசா எதிர்பார்ப்பினம், நாங்கள் மறிச்சால் எரிச்சலில மறிச்சது எண்டுவினம்." பெண்சாதியின் பக்கத்து ஆட்களில் தாய்மாமன் ஒருவர் பிரான்சிலிருந்து வந்திருந்தார். விமானச் சீட்டு, சங்கிலி, உடுப்பு என்று தான் செலவழித்த கணக்கைச் சொல்லிப் பெருமூச்சு விட்டுவிட்டு, "ஊரில இருக்கிறவை விடமாட்டினம்" என்றார். நான் கேட்ட ஆட்களில் எவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் மற்றவருக்காகச் செய்தார்கள். அந்த மற்றவரைத் தேடிப் போனால் ஆள் இல்லை.

உளவியலில் இது பழைய விடயம். தனித்தனியே எல்லோரும் ஒன்றை வெறுப்பார்கள், ஆனால் மற்றவர்கள் அதை விரும்புகிறார்கள் என்று நினைத்து வாய் திறக்காமல் இருப்பார்கள். அமெரிக்கரான புளோயிட் ஓல்போர்ட் சுமார் நூறு வருடங்களுக்கு முன்பே இதைப் பற்றி எழுதினார். அண்மைக்கால ஆய்வு ஒன்று சவூதியில், ரியாத் நகரத்தில் நடந்தது. கலியாணமான இளம் ஆண்களிடம், பெண்கள் வெளியே வேலைக்குப் போவது சரியா என்று தனியாகக் கேட்டார்கள். மிகப் பெரும்பாலானோர் சரி என்றார்கள். மற்ற ஆண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்டபோது உண்மையை விடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு உண்மைக் கணக்கை மட்டும் சொன்னார்கள். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பகுதியில் மனைவியை வேலை தேடித் தரும் சேவையில் பதியச் சம்மதித்தவர்கள் கூடினார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அந்த வீட்டுப் பெண்கள் வேலைக்கு விண்ணப்பித்ததும் நேர்முகத்துக்குப் போனதும் கூடியிருந்தது. அடுத்த வீட்டுக்காரன் மனதுக்குள் என்ன நினைக்கிறான் என்று தெரியாதிருந்ததுதான் அவ்வளவு காலமும் கதவைச் சாத்தி வைத்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950களில் சொலமன் ஆஷ் செய்த கோட்டுப் பரிசோதனை. ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். எது ஒரே நீளம்? சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆய்வாளரின் ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே ஒன்றுபோலப் பிழையான விடை சொல்வார்கள். அந்த ஒருவர் சொன்ன விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூட்டத்தோடு சேர்ந்து பிழைத்தன. தனியே விட்டால் நூற்றுக்கு ஒன்று கூடப் பிழைக்காத கேள்வி அது. மூன்று நான்கு பேருக்கு மேல் ஆட்களைக் கூட்டியும் அழுத்தம் பெரிதாகக் கூடவில்லை. நாலு பேர் என்ன சொல்லுவினம் என்று பயப்படுகிற எங்கள் ஆட்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் பரிசோதனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். உங்களுக்குப் பயன்படுவது அடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தபோது, அந்த மனிதர் கூட்டத்தோடு போவது முன்பு இருந்ததில் ஏறக்குறைய நாலில் ஒன்றாகக் குறைந்தது. விடையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்க விட்டபோதும் குறைந்தது. ஒரு துணை போதும். முதலில் சொல்பவருக்குத்தான் கஷ்டம், அடுத்தவருக்குப் பாதை இலகு. ஊருக்கு உதவி என்று மேலே சொன்னது இதைத்தான். உங்கள் ஒழுங்கையில் அடுத்ததாக ஒரு பிள்ளை பெரியபிள்ளையாகும்போது, கடன்பட முடியாத அந்தத் தாய்க்கு "அவையும் சின்னனாத்தானே செய்தவை" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு, தனித்து நிற்பது எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கிடைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டு ஆம்பிளைப்பிள்ளை தலைமுடியை நீட்டி, படிப்பை விட்டு, கமராவோடு திரிந்தால் 'அவன் ஒரு மாதிரி' என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அதையே ஒரு பெண்பிள்ளை செய்தால் கதை வேறு. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர்களுக்கோ, மற்றவர் போல இருப்பதே ஊரை மீறுவதாக இருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் தேத்தண்ணிக் கடையில் சமனாக இருந்து குடிக்கவும் கோயிலுக்குள் போகவும் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போன ஊர்வலத்துக்குப் பொலிஸ் அடி விழுந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மறித்து நின்றவர்களில் படித்த பெரிய மனிதர்களும் இருந்தார்கள். அன்றைக்கு 'ஊர்' என்று எதைச் சொன்னார்கள்? ஊரின் ஒரு பகுதியைத்தான். வாசலுக்கு வெளியே நின்றவர்களும் அதே ஊர்தான். ஆனால் அவர்களை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஊர் சொல்கிறது என்று யாராவது சொன்னால், எந்த ஊர், யாரை விட்டுவிட்டு எண்ணிய ஊர் என்பதையும் பார்க்க வேண்டும்.

எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும் என்கிற கட்டாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் இந்த மண் கண்டது. ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். அரச படை, இந்தியப் படை, ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கங்கள் என்று எவரையும் விடாமல், சனத்துக்கு நடந்ததை எழுதினார். 1989 செப்டெம்பர் 21இல் வளாகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. உங்கள் சாமத்தியவீட்டுக் கவலைக்குள் இதை ஏன் இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். ஒருமித்த கருத்து என்கிற பழக்கம் ஒரு நாளில் வருவதில்லை. வீட்டில் மறுத்துப் பேசாதே, வகுப்பில் கேள்வி கேட்காதே, கம்பஸில் மூத்தவன் பகிடிவதை செய்தால் பொறுத்துப் போ என்று பழக்கி எடுத்த பிள்ளைகளிடம், பெரிய விடயத்தில் மட்டும் துணிந்து வாய் திற என்று எப்படிக் கேட்பது?

வித்தியாசமாக இருப்பதே ஒரு சீருடையாகிவிட்டதும் உண்டு. டிக்டொக்கில் 'நான் யாருக்கும் பயமில்லை' என்று ஒரே பாட்டுக்கு ஒரே மாதிரி நடக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, வயது போகப் போகச் சரியாகும்.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். உங்களுக்கு விருப்பமில்லை, கணவருக்கு விருப்பமில்லை, மாமியாருக்கு விருப்பம், மைத்துனருக்கு விருப்பம். நீளமாக எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு என்ன விருப்பம்? ஒரு வரி கூட இல்லை. ஊர் உங்களுக்காக முடிவெடுக்கிறது என்று கோபப்படுகிற நீங்களும் பிள்ளைக்காக முடிவெடுத்துவிட்டீர்கள். அவளைக் கேளுங்கள். மாமியாருக்கு முன்னால் கேட்காதீர்கள், தனியே கேளுங்கள். அவள் கூச்சத்தில் செத்துக்கொண்டிருக்கலாம். தன் உடம்பில் நடந்ததை ஊருக்கே காட் அடித்துச் சொல்வதா என்று நினைக்கலாம். மறுபக்கம், வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அல்பம் இருக்கிறது, தனக்கும் வேண்டும் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதுவும் கூட்டத்தோடு போகிற ஆசைதானே என்று அவளுக்குப் பாடம் எடுக்கப் போகாதீர்கள். அந்த வயதில் கூட்டத்தோடு நிற்க ஆசைப்படுவது இயற்கை. உங்கள் கொள்கைக்கு அவளைப் பலகையாக்கித் தூக்கிப் பிடிப்பதும், ஊருக்காக அவளைப் பல்லக்கில் ஏற்றுவதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. நல்ல உடுப்பு ஒன்று, சிநேகிதிகள் நாலு பேர், வீட்டில் ஒரு படம். கேட்டது இவ்வளவுதான் என்றும் இருக்கலாம்.

மாமியாரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவருக்கு எது முக்கியம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மண்டபமாக இராது. தண்ணி வார்க்க வேண்டும், தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டும், ஆலாத்தி எடுக்க வேண்டும், பிள்ளைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் தன் கையால் கொடுக்க வேண்டும் என்பதாக இருக்கும். மகள் சம்மதித்தால் அதை வீட்டு முற்றத்தில் அவர் கையிலேயே விடுங்கள். செலவும் இல்லை, அவர் மதிப்பும் குறையாது.

துணை ஒன்று தேடுங்கள். ஊர் முழுக்கத் திருத்தத் தேவையில்லை, கணவரின் சகோதரங்களில் ஒருவர் போதும். நான் மேலே சொன்ன மூத்த அக்கா போல உங்கள் குடும்பத்திலும் ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், அங்கே எல்லோரும் மற்றவர் பார்க்கப் பேசுவார்கள். நேரில், தனியே போய், "உங்களுக்கு உண்மையா என்ன நினைப்பு?" என்று கேளுங்கள்.

கடைசியாக, யாரும் வெளியே சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது: கொப்பி. மற்றவர்களின் சாமத்தியவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் நீங்கள் இவ்வளவு காலமும் கொடுத்த காசு அவர்கள் கொப்பியில் எழுதிக் கிடக்கிறது. உங்கள் வீட்டில் கொண்டாட்டம் நடந்தால்தான் அது திரும்பி வரும். பலர் விருப்பமில்லாமலே மண்டபம் பிடிப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒருதரம் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். வரக்கூடிய காசு ஒரு பக்கம். மண்டபம், சாப்பாடு, படப்பிடிப்பு, கடன் வட்டி மறுபக்கம். நான் பார்த்த வீடுகளில் வட்டியோடு சேர்த்தால் கொப்பி தோற்றுத்தான் போனது. உங்கள் வீட்டில் வெல்கிறது என்றால் எனக்கு எழுதுங்கள், அந்தக் கணக்கை நானும் பார்க்க வேண்டும்.